மூன்று மண்டையோடும் ஒரு கிரேனும்

ஜெர்மனியின் கொலோன் நகரப் பேராலயத்தைக் கட்டி முடிக்க 632 ஆண்டுகள் ஆயின. 1248-இல் அடிக்கல் நாட்டினார்கள், 1880-இல் வேலை முடிந்ததாக அறிவித்தார்கள். இதைச் சொல்லும்போது சுற்றுலா வழிகாட்டிகள் குரலைத் தணித்துக்கொண்டு விசுவாசம், பொறுமை என்று உருகுவார்கள். உருகட்டும். கணக்குப் பார்த்தால் அந்த 632-இல் ஏறக்குறைய 300 ஆண்டுகள் கட்டுமான வேலை அப்படியே கிடந்தது. கதை ஆரம்பிப்பது ஒரு கொள்ளையில். முடிவது, அந்த ஊர்ப் பேராயர் மட்டும் வர முடியாமல் போன ஒரு திறப்பு விழாவில். நடுவே சாமி கும்பிட வந்தவர்கள் யாத்திரிகர்கள் மட்டும்தான். மற்ற பெரிய மனிதர்களுக்கெல்லாம் அங்கே வேறு ஜோலி இருந்தது.

முதலில் கொள்ளை. 1162-இல் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா இத்தாலியின் மிலான் நகரத்தை முற்றுகையிட்டுப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். அவருக்கு வலது கை, சான்சலர் ரைனால்ட் ஃபான் டாசல். இவர்தான் கொலோன் பேராயரும். பேராயர் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்டதோடு சரி, இன்னும் குருப்பட்டம்கூட வாங்கவில்லை. போதாக்குறைக்கு போப் மூன்றாம் அலெக்சாண்டர் 1163-இல் அவரைத் திருச்சபையிலிருந்தே தள்ளி வைத்துவிட்டார். ரைனால்ட் அதற்கெல்லாம் அசரவில்லை. பேரரசர் தரப்பு தங்களுக்கென்று தனியாக ஒரு போப்பை வைத்துக்கொண்டிருந்தது.

போர் முடிந்தால் கூட இருந்தவர்களுக்குப் பங்கு பிரிக்க வேண்டுமே! தங்கம், நிலம், குதிரை என்று மற்றவர்கள் வரிசையில் நிற்க, ரைனால்டுக்குக் கிடைத்தது எலும்பு. குழந்தை இயேசுவைப் பார்க்க நட்சத்திரத்தின் பின்னால் போன மூன்று ராஜாக்களின் எலும்பு. மிலான்காரர்கள் முற்றுகைக்குப் பயந்து அதை ஊருக்கு வெளியே இருந்த கோயிலிலிருந்து மதிலுக்குள் கொண்டுவந்து பத்திரப்படுத்தியிருந்தார்கள். அவர்கள் பத்திரப்படுத்திய லட்சணம், 1164 ஜூலை 23 அன்று அது கொலோனில் ஊர்வலமாக வந்து இறங்கியது.

இவை அந்த மூவரின் எலும்புதானா என்று கேட்பவர்களுக்கு அந்தக் காலத்தில் பதில் தயாராக இருந்தது. கான்ஸ்டன்டைன் பேரரசரின் தாயார் ஹெலேனா கண்டெடுத்தார், கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போயிற்று, அங்கிருந்து மாட்டு வண்டியில் மிலானுக்கு வந்தது. முகவரி இவ்வளவு துல்லியமாக இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? மத்தேயு நற்செய்தியை எடுத்துப் படித்தால் வந்தவர்கள் மூன்று பேர் என்று எண்ணிக்கை இல்லை, ராஜாக்கள் என்ற பேச்சும் இல்லை. கிழக்கிலிருந்து ஞானிகள் வந்தார்கள், அவ்வளவுதான். பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று பரிசு மூன்று இருந்ததால் ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு மூன்றாக்கினார்கள். ராஜா பட்டமும் பெயர்களும் பின்னால் வந்து சேர்ந்தன. நம் மயிலாப்பூரில் அடங்கியிருப்பதாகச் சொல்லப்படும் தோமையார்தான் இவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று இன்னொரு கதையும் ஐரோப்பாவில் உலவியது. அந்தக் கணக்கில் நமக்கும் இவர்கள் தூரத்து உறவு.

மிலான்காரர்கள் இதை மறக்கவில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்து, கடைசியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலோன் பேராயர் மனமிரங்கிச் சில துண்டு எலும்புகளைத் திருப்பிக் கொடுத்தார். 740 ஆண்டுக் கடனுக்கு அசலிலேயே கொஞ்சம்தான், வட்டிப் பேச்சே இல்லை.

கொலோனுக்கு எலும்பு வியாபாரம் புதிதல்ல. 1106-இல் மதிலை விரிவாக்கத் தோண்டியபோது பழைய ரோமானியக் கல்லறை ஒன்று அகப்பட்டது. வண்டி வண்டியாக எலும்பு. இவை புனித உர்சுலாவோடு ஹூணர்கள் கையால் மாண்ட 11,000 கன்னியருடையவை என்று முடிவு செய்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு பார்த்தால் கன்னியர் குவியலில் ஆண்களின் எலும்பும் குழந்தைகளின் எலும்பும் இருக்கின்றன. வேறு ஊராக இருந்தால் சங்கடப்பட்டிருப்பார்கள். ஷோனாவ் மடத்துத் துறவி எலிசபெத்துக்குச் சமயம் பார்த்துத் தரிசனம் கிடைத்தது: கன்னியருக்குத் துணையாக ஆயர்களும் உறவினர்களும் கூட வந்தார்களாம். சிக்கல் தீர்ந்தது. உர்சுலா கோயிலின் பொன்னறையில் இன்றைக்கும் சுவர் முழுக்க அந்த எலும்புகளைக் கோலம் போல அடுக்கி, எழுத்துகள்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே நின்றுகொண்டு பக்தியை வரவழைப்பது சிரமம்.

இந்தச் சந்தையில் மூன்று ராஜாக்கள் வந்தது பெரிய முதலீடு. ஜெர்மன் அரசர்கள் ஆகன் நகரத்தில் முடிசூடியதும் நேரே கொலோனுக்கு வந்து முதல் ராஜாக்களுக்கு வணக்கம் போடுவது வழக்கமாயிற்று. யாத்திரிகர் கூட்டம் சொல்லவே வேண்டாம். நகரத்தின் சின்னத்தில் மூன்று கிரீடம் ஏறியது. பிற்பாடு உர்சுலா கூட்டத்துக்காகப் பதினொரு துளிகளும் கீழே சேர்ந்தன. ராஜாக்களுக்கு ஏற்ற பேழை வேண்டுமென்று பொற்கொல்லர் நிக்கோலஸை வெர்டுனிலிருந்து வரவழைத்தார்கள். 1180-களில் தொடங்கிய வேலை முடிய ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள்.

அந்தப் பேழை இன்றும் பேராலயத்தின் தலைமைப் பீடத்துக்குப் பின்னால் கண்ணாடிக்குள் இருக்கிறது. நீளம் 220 சென்டிமீட்டர், ஒரு சின்னக் கோயில் மாதிரி மூன்று கூரைகளோடு. முன்பக்கம் முழுக்கத் தங்கம். அதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நடுவில் மாதா, மடியில் குழந்தை. இடப்பக்கமிருந்து மூன்று ராஜாக்கள் பரிசோடு வருகிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று... நான்கு. நாலாவதாக ஒருவர் அவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறார். தலைக்கு மேல் 'ஓட்டோ அரசர்' என்று பெயரும் பொறித்திருக்கிறார்கள். பேழைக்குப் பொன் கொடுத்த நான்காம் ஓட்டோ இவர். அரியணைக்கு அப்போது இவரும் இன்னொருவரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையான ராஜா யார் என்று ஊருக்கே குழப்பம். பெத்லகேமில் மாட்டுத் தொழுவத்துக்குள் 1,200 ஆண்டு தாமதமாக நுழைந்து படத்தில் இடம்பிடித்தால் குழப்பம் தீரும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றுகொள்ளும் வட்டச் செயலாளரை யாரும் நகரச் சொல்ல முடியாது. ஓட்டோவையும் 800 ஆண்டுகளாக யாரும் நகரச் சொல்லவில்லை.

பேழை வந்தபின் அதை வைத்திருந்த பழைய கோயில் கண்ணுக்குச் சிறியதாகத் தெரிய ஆரம்பித்தது. பேராயர் கோன்ராட் ஃபான் ஹோக்‌ஷ்டாடன் புதிதாகக் கட்டுவது என்று முடிவெடுத்தார். கிழக்குப் பகுதியை மட்டும் தீயால் தகர்த்து எடுத்துவிடுவது, மற்ற பகுதியில் பூசை தொடர்வது என்பது திட்டம். தீ திட்டத்தைப் படிக்கவில்லை. 1248 ஏப்ரல் கடைசியில் கோயில் மொத்தமும் எரிந்தது. ஆகஸ்ட் 15 அன்று அடிக்கல். அந்தக் கையோடு கோன்ராட் ஆகனுக்குப் போய், உயிரோடு இருந்த பேரரசருக்குப் போட்டியாக ஹாலந்து வில்லெமுக்கு நவம்பர் 1 அன்று முடிசூட்டினார். தேவாலயத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிற ரகம் அல்ல அவர்.

தலைமைக் கட்டடக்காரர் கெர்ஹார்ட். பிரான்ஸில் ஆமியேன் பேராலயத்தைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு வந்தவர். அதையே இன்னும் பெரிதாகப் போடுவது என்று இறங்கினார். 1257-இல் கோயில் நிர்வாகம் அவருக்கு ஒரு மனையை வெகுமதியாகக் கொடுத்தது. ஆள் நல்லபடியாகத்தான் வாழ்ந்திருக்கிறார். ஆனால் ஊர்க்கதைக்கு அது போதவில்லை. கதைப்படி சாத்தான் கெர்ஹார்ட்டிடம் பந்தயம் கட்டினான்: நீ கோயிலை முடிப்பதற்குள் நான் ட்ரியரிலிருந்து கொலோனுக்குக் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவருகிறேன். கால்வாயில் தண்ணீர் ஓட வைக்கும் சூட்சுமம் கெர்ஹார்ட்டுக்கு மட்டுமே தெரியும். பெண்டாட்டி அதைச் சாத்தானிடம் உளறிவிட்டாளாம். (கட்டட வேலை இழுத்தால் அதற்கும் பெண்டாட்டி.) ஒரு நாள் கோபுரத்தின் மேல் நின்ற கெர்ஹார்ட், கீழே கால்வாயில் வாத்து நீந்தி வருவதைப் பார்த்தார். பந்தயம் தோற்றது. கோபுரத்திலிருந்து குதித்துவிட்டார்.

ஒரே ஒரு விஷயம் இடிக்கிறது. கெர்ஹார்ட் 1271-க்குள் காலமாகிவிட்டார். தெற்குக் கோபுரத்துக்கு அஸ்திவாரம் போட்டது 1360 வாக்கில். கோபுரமே இல்லாத இடத்தில் அதன் உச்சியிலிருந்து குதிக்க வைத்ததற்காக அந்தக் கதைக்காரரை எழுந்து நின்று வணங்கலாம்.

இதற்கிடையில் பேராயருக்கும் ஊர் மக்களுக்கும் ஆகாமல் போயிற்று. 1288 ஜூன் 5 அன்று வோரிங்கனில் நடந்த சண்டையில் கொலோன் மக்கள் தங்கள் பேராயர் சீக்ஃப்ரீடை எதிர்த்து நின்ற அணியில் சேர்ந்து ஜெயித்தார்கள். பேராயர் பிடிபட்டுச் சிறைப்பட்டார். அதன்பின் கொலோன் பேராயர்கள் பெரும்பாலும் பானிலும் ப்ரூலிலும் குடியிருந்துகொண்டு விசேஷ நாளுக்கு மட்டும் ஊருக்குள் வந்து போனார்கள். ஊர் உள்ளே விடாத ஒருவருக்கு பிரமாண்டமான கோயில் ஒன்றை ஊர் கட்டிக்கொண்டிருந்தது.

1322-இல் பீடப்பகுதியை மட்டும் அர்ச்சித்தார்கள். மீதிக் கோயில் இன்னும் எழும்பவில்லை. காற்றும் மழையும் உள்ளே வராமல் மேற்கே ஒரு சுவர் வைத்து அடைத்திருந்தார்கள். தற்காலிகச் சுவர்தான். 1863-இல் எடுத்தார்கள்.

தெற்குக் கோபுரம் ஐம்பத்து சொச்சம் மீட்டர் எழும்பியது. அதன் உச்சியில் மரத்தால் செய்த பெரிய கிரேன். உள்ளே பெரிய சக்கரங்கள்; ஆட்கள் அவற்றுக்குள் ஏறி நடக்க நடக்கக் கயிறு சுற்றிக் கல் மேலே வரும். டிராகன் பாறை என்று பெயருள்ள ரைன் நதிக்கரை மலையிலிருந்து வெட்டி, படகில் கொண்டுவந்த கல். பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் கிளப்பிய புயலில் யாத்திரிகர் குறைந்தார்கள், காசு வற்றியது, 1560-இல் நிர்வாகம் ஒரேயடியாகக் கையை விரித்தது. சக்கரத்துக்குள் நடந்துகொண்டிருந்தவர்கள் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். கிரேன் மட்டும் மேலேயே நின்றது. மழையில், பனியில், இடியில், 1868 வரை. தலைமுறை தலைமுறையாகக் கொலோனை வரைந்த ஓவியர்கள் அத்தனை பேரும் அந்தக் கிரேனையும் வரைந்தார்கள். நாளைக்கு வேலை தொடரும் என்ற அறிவிப்புப் பலகையை அதைவிட உயரத்தில் யாரும் மாட்டியதில்லை.

1794-இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்தது. கோயிலைக் கிடங்காகவும் சிறையாகவும் பயன்படுத்தினார்கள், வைக்கோல் அடுக்கினார்கள். ராஜாக்கள் அதற்கு முன்பே வெஸ்ட்ஃபாலியாவுக்கு ஓடிவிட்டார்கள். 1804-இல் திரும்பி வந்தபோது பேழை சேதப்பட்டிருந்தது. பழுதுபார்த்தவர்கள் அதைக் கொஞ்சம் குட்டையாகவே சேர்த்தார்கள்.

பிறகு வந்தது அதிர்ஷ்டம், பரண் வழியாக. முகப்பின் மூல வரைபடம் நாலு மீட்டர் உயரத் தோலில், இடைக்காலத்தில் வரைந்தது, காணாமல் போயிருந்தது. 1814-இல் அதில் பாதி டார்ம்ஷ்டாட் நகரத்தில் அகப்பட்டது. ஒரு விடுதியின் பரணில் அவரைக்காய் உலர்த்தப் பயன்பட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். மறுபாதியை 1816-இல் சுல்பிஸ் பாய்ஸரே பாரிஸில் கண்டுபிடித்தார். இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் கோபுரம் எப்படி முடிய வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது. இனிமேல் திட்டம் இல்லை என்ற சாக்கும் செல்லாது.

ஆனால் செலவை யார் ஏற்பது? இங்கேதான் வேடிக்கை முற்றுகிறது. ரைன் பகுதி 1815-இல் புரோட்டஸ்டன்ட் பிரஷ்யாவின் கைக்குப் போயிருந்தது. 1837-இல் பிரஷ்ய அரசு கொலோனின் கத்தோலிக்கப் பேராயரைக் கலப்புத் திருமணச் சண்டையில் கைது செய்தது. ஐந்தே ஆண்டில், 1842 செப்டம்பர் 4 அன்று, பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடெரிக் வில்லியம் வந்து இரண்டாவது அடிக்கல்லை வைத்தார். ஆண்டுக்கு 50,000 தாலர் அரசுப் பணமும் உண்டு. சமரசமும் ஆயிற்று, ஜெர்மன் ஒற்றுமைக்கு ஒரு சின்னமும் ஆயிற்று. கவிஞர் ஹைன்ரிக் ஹைனே முதலில் பாரிஸிலிருந்த ஆதரவுச் சங்கத்தில் சேர்ந்தார். 1844-இல் மனம் மாறி, இது ஒருநாளும் முடியாது, குதிரை லாயமாகத்தான் போகும் என்று கவிதையில் கிழித்தார். 1860-களில் லாட்டரி நடத்திப் பணம் திரட்டினார்கள். மேலே கூரைக்குள் போட்டது இரும்புச் சட்டம். இடைக்காலப் பேராலயத்தைப் பார்த்துவிட்டோம் என்று புல்லரித்துத் திரும்புகிறவர்கள் பார்ப்பது பாதிக்கு மேல் ரயில் வண்டிக் காலத்துச் சரக்கு. அதில் ஒன்றும் குறைவில்லை. ரயில் நிலையத்தையும் வாசலிலேயே கட்டிக்கொண்டார்கள்.

1880 அக்டோபர் 15 திறப்பு விழா. உயரம் 157 மீட்டர். அன்றைக்கு உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். இரண்டு கோபுரமும் சமம் என்று நினைப்போம், வடக்கு ஏழு சென்டிமீட்டர் கூடுதல். பேரரசர் முதலாம் வில்லியம் வந்தார், இளவரசர்கள் வந்தார்கள், சீருடை மின்னியது. பேராயர் மெல்ஷர்ஸ் வரவில்லை. பிஸ்மார்க்கின் அரசு 1874-இல் அவரைச் சிறையில் போட்டது. வெளியே வந்தவர் நெதர்லாந்துக்குத் தப்பிப் போய் அங்கேயே இருந்தார். 632 ஆண்டு இழுத்த வேலை முடிகிற நாளில் வீட்டுக்காரர் எல்லைக்கு அந்தப் பக்கம். கத்தோலிக்கர்கள் பலரும் விழாவைப் புறக்கணித்தார்கள். அந்த உயரச் சாதனையும் நாலு வருஷம்தான். 1884-இல் அமெரிக்கர்கள் வாஷிங்டன் நினைவுத்தூணை எழுப்பிப் பறித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் சுற்றிலும் ஊரே இடிந்தது. பேராலயத்தின் மேல் 14 கனமான குண்டுகள் விழுந்தும் நின்றது. வடக்குக் கோபுரத்தின் அடியில் விழுந்த ஓட்டையைச் செங்கல்லால் அடைத்தார்கள். இதுவும் தற்காலிகம். கல் போட்டு மறைத்து முடித்தது 2005-இல். கொலோன்காரர்களின் தற்காலிகம் எவ்வளவு நாள் என்று இப்போது உங்களுக்கே பிடிபட்டிருக்கும்.

2004-இல் யுனெஸ்கோ இதை அபாயப் பட்டியலில் சேர்த்தது. ஆற்றுக்கு எதிர்க்கரையில் உயரமான கட்டடங்கள் வரப்போவதால் காட்சி கெடுமாம். உயரத்தையே தொழிலாக வைத்திருந்த கோயில், பக்கத்து வீட்டுக்காரரின் உயரத்தைப் பற்றிப் புகார் சொல்லி 2006-இல் ஜெயித்தது. 2007-இல் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் சம்பளம் வாங்காமல் தெற்குப் பக்கத்துக்குப் பெரிய சன்னல் செய்து கொடுத்தார். 72 நிறத்தில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிச் சதுரம். சாமியும் இல்லை, சம்மனசும் இல்லை. இது மசூதிக்குத்தான் பொருந்தும் என்றார் பேராயர் கர்தினால் மைஸ்னர். அந்தத் திறப்புக்கும் பேராயர் வரவில்லை. பழக்க தோஷம்.

கோபுரம் ஏற 533 படி. வழியில் மணிக்கூண்டு. அங்கே தொங்கவிட, 1870-களில் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடித்த 22 பீரங்கியை உருக்கிப் பேரரசரின் பெயரில் ஒரு மணி வார்த்தார்கள். மூன்று தடவை வார்த்தும் சுருதி சேரவில்லை. 1918-இல் மறுபடியும் போருக்கென்று உருக்கப் போய்விட்டது. ஓசைக்குப் பிறந்த பொருளல்ல அது. அதன் இடத்தில் 1923-இல் வார்த்தது 24 டன் பீட்டர் மணி. ஊரார் 'தடிப் பீட்டர்' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். முக்கியமான திருநாள்களுக்கு மட்டும் வாயைத் திறப்பார்.

ஜனவரி 6 மூன்று ராஜாக்களின் திருநாள். அன்றைக்குப் பேழையின் முன்பலகையை எடுத்துவிட்டு, கிரீடம் வைத்த மூன்று மண்டையோடுகளையும் கம்பி வழியாகக் காட்டுவார்கள். 2011-இல் அந்தத் திருநாளில் தடிப் பீட்டரை அடித்துக்கொண்டிருந்தபோது மணியின் நாக்கு அறுந்து விழுந்தது. எடை 800 கிலோ. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. புது நாக்கை 600 கிலோவிலேயே செய்து மாட்டியிருக்கிறார்கள். இனிமேல் கொஞ்சம் அடக்கித்தான் பேசுவார்.